மடு மண்ணும் முன்கண்ணாடியும்

யேசு மரி சூசை துணை

பலெர்மோ
02.03.1997, ஞாயிறு

அன்பு மகள் அனிற்றாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் சித்தியும் கொட்டாஞ்சேனையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையிலும் தேவதாயிடம் கேட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்தேன். உன்னுடைய கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முழுக் கடிதத்தையும் நான்கு தடவை வாசித்தேன், கடைசிப் பக்கத்தை எத்தனை தடவை என்று கணக்கில்லை. மே பதினோராம் திகதி உனக்குப் பதினெட்டு நிரம்புகிறது, அதற்குள் அம்மாவின் கடதாசி வராவிட்டால் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிடுவேன், படகென்றாலும் ஏறுவேன் என்று எழுதியிருக்கிறாய். உன் எழுத்து வடிவானது, பிள்ளை, அந்த வசனத்திலும் ஒரு எழுத்துக்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தில் எழுதியிருந்தால் கோபம் ஆறும் என்று நினைத்திருப்பேன், நீ யோசித்து முடித்துவிட்டு எழுதியிருக்கிறாய்.

அப்பாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. மொண்டெல்லோவில் அவர் கோப்பை கழுவும் சாப்பாட்டுக் கடையை இன்னும் திறக்கவில்லை, மே மாதம் கடற்கரைக்குச் சனம் வரத் தொடங்கினால்தான் கூப்பிடுவார்கள், அதுவும் பெயர் பதியாத வேலை என்பதால் உன்னைக் கூப்பிட அவருடைய பெயரில் ஒன்றும் செய்ய முடியாது என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். அதுவரை பலாறோ சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறார். வீட்டுச் சுவர் மழைக்கு ஊறி உன் படம் மாட்டியிருந்த இடத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, படத்தைக் கழற்றிக் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இது தவக்காலம் என்றபடியால் வீட்டில் மீன் இறைச்சி இல்லை, அப்பா சாப்பாட்டு நேரத்தில் முகத்தை நீட்டிக்கொண்டு, உன்ர கொம்மா என்னைச் சந்நியாசியாக்கிப் போட்டுத்தான் விடுவா எண்டு பிள்ளைக்கு எழுது என்று சொல்கிறார். எழுதிவிட்டேன். கோவிலில் இன்றும் ஒரு தாய் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றா. அவவுடைய மகன் நத்தார்த் திருநாளுக்கு முன்பு படகில் ஏறியவன், இன்றுவரை அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்கிறார், கிறீஸ் நாட்டில் இறக்கிவிட்டார்கள் என்று இன்னொருவர், கடல் என்று மட்டும் ஒருவரும் அவ காதுபடச் சொல்வதில்லை. எனக்கு அவவின் பக்கத்தில் முழந்தாளிட முடியவில்லை, பின் வாங்கிலில் இருந்து எழும்பி வந்துவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கும் இன்னும் சொல்லாத விஷயம் இது, அதனால் நிதானமாக வாசி.

நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா ஜனவரியில் இறந்துபோனா என்று எழுதியிருந்தேன் அல்லவா. அவ கையெழுத்து வைத்துத்தான் என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, ஓடியது. அவ போனதோடு எனக்கு வேலையும் இல்லை, வேலை இல்லாதவள் பிள்ளையைக் கூப்பிட முடியாது, பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பினால் பிறகு கூப்பிடவே முடியாது என்று குவெஸ்தூராவில், வெளிநாட்டார் பதியும் பொலிஸ் கந்தோரில், கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் இருந்த மனிதர் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார். சிஞ்ஞோராவின் வீட்டுக்குக் கீழே கார் விடும் அறை ஒன்று உண்டு, அதில் அவவின் கணவரின் பழைய கார் பதினெட்டு வருடமாக அசையாமல் நின்றது. மருமகன்காரர் வீட்டை ஒழிக்கும்போது, கராஜ்காரர் வந்து பார்க்கப் போகிறார், காரை ஒருக்கால் கழுவிவிடு, அதோடு உன் கணக்கு முடிந்தது என்றார். கழுவப் போனால் தகரம் தண்ணீரோடு வெளுத்துவிட்டது, கண்ணாடிதான் மசியவில்லை. கூரையில் இருந்து வருடக்கணக்காகச் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டி வட்டம் வட்டமாகக் கல்லாகியிருந்தது, அதன்மேல் புறா எச்சம், ஓரமெல்லாம் உருகிய ரப்பர், உள்பக்கத்தில் புகைத்த மனிதரின் மஞ்சள். சிஞ்ஞோராவின் அலமாரியில் வீட்டுப் பராமரிப்புப் பற்றிய தடித்த பழைய புத்தகம் ஒன்று இருந்தது, மத்தியானத்தில் அவ உறங்கும்போது அதைக்கூட நான் விடவில்லை, முழுக்க வாசித்திருந்தேன். அதில் சொன்னபடி வினாகிரியில் துணியை நனைத்துக் கண்ணாடியின் மேல் அரைநாள் ஒட்டிவைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஓட ஓட சவர பிளேட்டைப் படுக்கையாகப் பிடித்து, மூன்று நாள் தனியாக நின்று எடுத்தேன். காரை இழுத்துப் போக வந்த மாஸ்த்ரோ வீற்றோ, பழைய கார்களைத் திருத்தி உயிர்ப்பிப்பவர், பக்கக் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்துவிட்டு இதை யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். நீயா, உனக்கு யார் பழக்கினது என்றார். புத்தகம் என்றேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் அறைக்குள் இருந்த புறாக்கள் பறந்தன. நாளைக்குப் பிரான்காச்சோவில் என்ர கராஜுக்கு வா புரொபெஸ்சொரெஸ்ஸா, பேராசிரியை அம்மா, என்னட்டை வாசிக்கக் கனக்கக் கண்ணாடி கிடக்கு என்றார்.

அப்படித்தான் இந்த வேலைக்குப் போனேன். ஒரு மாதம் பார்ப்பேன், சரி என்றால் பெயர் பதிந்து ஒப்பந்தக் கடிதம் தருவேன் என்பது பேச்சு. பழைய காருக்கு இயந்திரத்தின் பாகங்களை எங்கேயாவது கடைந்து செய்துவிடலாம், கண்ணாடியை அப்படிச் செய்ய முடியாது, அதுவும் வளைந்த முன்கண்ணாடி என்றால் அந்தக் காரோடு பிறந்ததைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லித் தந்தார். அழுக்கை எடுப்பது வேறு, கீறலை எடுப்பது வேறு, பிள்ளை. அழுக்கு கண்ணாடியின் மேல் இருக்கிறது, கீறல் கண்ணாடியிலேயே இருக்கிறது. அதை எடுக்க இளஞ்சிவப்புத் தூள் ஒன்று உண்டு, மாவைவிட மிருதுவானது, தண்ணீரில் பாலாடை மாதிரிக் கரைத்து, கம்பளி ஒட்டிய வட்டை மெசினில் பூட்டி, மெதுவாக, ஓரிடத்தில் நிற்காமல் தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் சூடேறி வெடிக்கும். காய விட்டால் எரியும். அதிகம் தேய்த்தால் அந்த இடம் குழிந்து அதன் வழியே பார்க்கிற தெரு நெளியும். நகத்தை ஓட்டிப் பார்த்து நகம் தட்டுகிற கீறல் என்றால் தொடாதே, அது கிடக்கட்டும் என்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் மண். வாளியில், துணியில், கையில், எங்கேயாவது ஒரு மணற்பரல் இருந்தால் நூறு வருடத்துக்கான கீறலை நீயே ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவாய் என்று தினமும் ஒரு தடவை சொல்லாமல் அவர் மெசினைத் தொட விட்டதில்லை. நான் அந்த வேலையை விரும்பினேன், அனிற்றா. ஐந்து வருடமாக மற்றவர்கள் அழுக்காக்குவதைத் துடைத்து, மறுநாள் அதையே திரும்பத் துடைத்தேன். இங்கேதான் நான் செய்த ஒன்று செய்தபடியே நின்றது. சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு மூலையில் இருந்து கோவில் நூலகத்துப் புத்தகத்தை வாசிப்பேன், அவர் கடந்து போகும்போது பக்கத்தை எட்டிப் பார்த்து, புரொபெஸ்சொரெஸ்ஸா, செத்துப்போனாளா இல்லையா, கடைசியை மட்டும் எனக்குச் சொல்லிவிடு என்று பகிடி பண்ணுவார்.

வேலை கூடியபோது வாளி துணி கழுவ இன்னொரு ஆள் வேண்டும் என்றார், நான் றோசமலரைக் கூட்டிப்போனேன். உனக்கு அவளைத் தெரியாது. பேசாலை ஊர்ப் பிள்ளை, என்னைவிட நாலு வயது இளையவள், புருசன் கடலுக்குப் போய் வராதவர், மூன்று பிள்ளைகளைத் தமையன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். வாய் ஓயாது. மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திக் கதைப்பாள், அக்கா நீங்கள் புத்தகத்தை விட்டுட்டு என்ர முகத்தையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன், இதிலயும் கதை இருக்கு என்பாள். எனக்குச் சத்தம் பிடிக்காது என்று உனக்குத் தெரியும், ஆனால் அவள் பேசாமல் இருந்த நாளில் நான்தான் என்ன என்று கேட்பேன்.

மாசி முடிவில் ஒரு டாக்டரின் தகப்பனார் வைத்திருந்த கார் வந்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்து டாக்டரின் மகள் அதில்தான் கோவிலுக்குப் போய்க் கலியாணம் முடிக்க வேண்டும். முன்கண்ணாடியில் துடைப்பான் இழுத்த பிறைபோன்ற கீறல், அவ்வளவுதான் குறை, அதை எடுத்தால் முழுசு. மாஸ்த்ரோ என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு ஒப்பந்தப் படிவத்தை மேசையில் வைத்து, இந்தக் கண்ணாடியை முடி, சனிக்கிழமை கையெழுத்து வைக்கிறேன் என்றார். குவெஸ்தூராவில் எனக்குத் தந்த நாள் வருகிற செவ்வாய், மார்ச் நான்கு. எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றது. அன்றைக்குத்தான், போன செவ்வாய் பின்னேரம், உன் கடிதம் வந்தது.

கடிதத்துக்குள் நீ பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த மடு மாதா கோவில் மண்ணை எடுத்துப் பார்த்தேன். மடுவிலிருந்து வந்த சிஸ்டர் ஒருவர் தந்தது, அம்மா நீங்கள் நம்ப மாட்டீங்கள் எண்டு தெரியும், ஆனாலும் வச்சிருங்கோ என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது சரிதான். நான் நம்புவதில்லை. ஊரில் கிணறு வெட்டினாலும் அத்திவாரம் போட்டாலும் புது வள்ளத்தைக் கடலில் இறக்கினாலும் ஒரு சிட்டிகை மடு மண் போடாமல் தொடங்க மாட்டார்கள், பாம்பு கடித்தவனுக்கும் கரைத்துக் கொடுப்பார்கள், நான் கன்னியர் மடத்து நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் வாசித்துவிட்டு வந்து, மண்ணில் என்ன இருக்கிறது, மனதில்தான் எல்லாம் என்று பெரியவர்களோடு வாதாடியவள். மாதாவிடம் கேட்பேன், மண்ணிடம் கேட்க மாட்டேன் என்று சொல்வேன். ஆனால் புதன்கிழமை காலை பிரான்காச்சோ பஸ்ஸில் இருந்தபோது உன் கடைசிப் பக்கம் மட்டுந்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கராஜுக்குள் போய், தூளைக் கரைத்து, மெசினைப் பூட்டி, முன்கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது ஒருவரும் பக்கத்தில் இல்லை. றோசமலர் முற்றத்துக் குழாயில் இருந்தாள். நான் சட்டைக்குள் வைத்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து, ஒரே ஒரு சிட்டிகை எடுத்து, தூள் கரைத்த பாத்திரத்தில் போட்டேன். சிலுவை அடையாளம் போட்டேன். தினமும் மண், மண் என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டே பழகிய என் கைதான் அதைச் செய்தது. அந்த நேரத்தில் அது எனக்கு மண்ணாகத் தோன்றவில்லை, பிள்ளை. இதை வேறு யாருக்கு விளக்க முடியும். அது மடு, அது நீ, அது மே பதினொன்றுக்கு முன்னால் ஒரு விமானம். மணற்பரல் என்ற எண்ணமே வரவில்லை. வாசித்ததெல்லாம் எங்கே போனது என்று இப்போதுதான் தேடுகிறேன்.

ஈரத்தில் ஒன்றும் தெரியாது. சாரதி பக்கம் முழுவதையும் மத்தியானம் வரை தேய்த்தேன், மனம் நிறைந்து, செபமாலை சொல்லிக்கொண்டே தேய்த்தேன். தண்ணீர் ஊற்றித் துடைத்து, காய்ந்ததும் மாஸ்த்ரோ வாசல் வெளிச்சத்துக்குக் காரை உருட்டச் சொன்னார். வெயில் பட்டதும் கண்ணாடி முழுவதும் வட்டம் வட்டமாக, தலைமயிர் போல, ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் கீறல்கள் எழும்பின. பழைய பிறைக் கீறல் ஒன்று இருந்த இடத்தில் இப்போது கண்ணாடியே கீறலாக இருந்தது. அவர் குனிந்து கண்ணாடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு மண், மண் யார் கொண்டு வந்தது என்று கத்தினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு. திறக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, நேரே முற்றத்துக் குழாயைப் பார்த்தார். அங்கே நிலம் சரளைக்கல். றோசமலர் கையில் ஈரத் துணியோடு நின்றாள். துணி கீழே விழுந்ததா என்று கேட்டார். விழுந்தது, ஆனால் அலசினேன் என்று உண்மையைச் சொன்னாள். எங்களில் யாருக்குத்தான் ஒரு நாளில் ஒரு தடவை துணி கீழே விழாது. அது போதுமாக இருந்தது அவருக்கு, இனி வேலைக்கு வராதே என்றார். அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, போகும்போது என்னைத் தொட்டு, அக்கா கோவியாதேங்கோ, உங்கட கண்ணாடியை நான் நாசமாக்கிப் போட்டன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். அப்பா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவள் அதைக் குடிக்கவும் இல்லை வைக்கவும் இல்லை. நான் நல்லா யோசிச்சுப் பாத்தனான் அக்கா, நான்தான் அலசேல்லைப் போல, அண்டைக்கு சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு தமையன் போன் எடுத்தவர், என்ர நினைவு எங்கயோ இருந்தது, நீங்கள் ஒருக்கா மாஸ்த்ரோட்டக் கதைச்சுப் பாருங்கோவன், இனி நான் வாய் திறக்காமல் நிண்டு வேலை செய்வன் எண்டு சொல்லுங்கோ என்றாள். செய்யாததை நினைத்து நினைத்து, செய்ததாகவே நம்பிவிட்டாள். வாய் திறக்க மாட்டேன் என்று அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றது. அப்பா அவள் போனபிறகு, பாவம், நல்ல பிள்ளை, ஆனாலும் என்ன செய்யிறது, எங்களுக்கு இப்ப பிள்ளையின்ர அலுவல்தான் முக்கியம் என்றார். உண்மையை அறிந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார், அன்பில்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் அவருக்குச் சொல்லவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை மாஸ்த்ரோ கையெழுத்து வைத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே கூப்பிட்டார். கண்ணாடி போனது உன் பிழை இல்லை, நீ நம்பிக்கையான ஆள், இரண்டு பேருமாக மெதுவாக எடுத்துப் பார்ப்போம், றோசாவின் இடத்துக்கு ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறேன், நாளைக்கழித்து வருகிறாள் என்றார். கடிதத்தை மடித்து உறையில் போட்டுத் தந்தார். அதில் என் பெயர் முழுவதும், செலஸ்ரீனா என்று, ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது. ஐந்து வருடமாக இந்த ஊரில் ஒருவரும் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியதில்லை. அந்த உறை இப்போது இந்த மேசையில், எழுதுகிற தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை அதைத் தட்டிக்குள் நீட்டினால் உன் அலுவல் தொடங்கும், ஒன்பது வாரத்தில் முடியலாம் என்கிறார்கள், மட்டுமட்டு, ஆனால் முடியலாம்.

இரண்டு நாள், அனிற்றா. இரண்டே இரண்டு நாள் பொறுத்தால் போதும் என்று நேற்று இரவெல்லாம் எனக்கு நானே சொன்னேன். செவ்வாய் கடதாசியைக் கொடுத்துவிட்டுப் புதன்கிழமை மாஸ்த்ரோவிடம் உண்மையைச் சொல்லலாம், றோசமலருக்கு இரண்டு நாளில் என்ன வந்துவிடும் என்று. இந்த யோசனை எனக்கு எவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாளைக்கு அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வருகிறாள், அவளும் ஒரு வயிற்றுக்காக வருகிறவள், புதன்கிழமை நான் சொல்லும் உண்மையால் அவளை யார் எழுப்பி அனுப்புவது. அதோடு என்னையும் எனக்குத் தெரியும். செவ்வாய் கழிந்தால் உன் விசா வரட்டும் என்பேன், விசா வந்தால் நீ வந்து சேரட்டும் என்பேன், நீ வந்து சேர்ந்தபிறகு அதைச் சொல்லி என்ன பயன் என்பேன். எங்கள் கோவிலில் றோசமலர் எனக்கு முன் வாங்கிலில் இருந்து, அக்காட மகள் வந்திட்டா, எவ்வளவு வடிவு என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நான் உன்னை அப்படிக் கூப்பிட மாட்டேன். கூப்பிட ஆசையாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை, இந்த நிமிடம்கூட ஆசையாக இருக்கிறது. உன்னைப் பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தேன், வளர்ந்தபிறகு நீ குனிந்து தலை சீவுவதை நான் பார்த்ததில்லை, உன் குரல் மாறியது தொலைபேசியில்தான் தெரியும். அந்த உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நாளை காலை வேலை தொடங்குமுன் மாஸ்த்ரோவிடம் சொல்லப் போகிறேன். நான் கோழை, கராஜ் வாசலில் வைத்து மனம் மாறிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். பஸ் ஏறும் இடத்தில் தபால் பெட்டி இருக்கிறது. முதலில் இந்தக் கடிதத்தை அதில் போட்டுவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். பெட்டிக்குள் விழுந்தால் என்னாலும் திரும்ப எடுக்க முடியாது, இரண்டு மூன்று கிழமையில் நீ அறிந்துவிடுவாய், நீ அறிந்தபிறகு அந்தப் பொய்யால் நான் உனக்கு ஒரு வீடு கட்டித் தர முடியாது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நல்ல மனிதர், ஆனால் கோபக்காரர், ஏமாற்றியவர்களை மன்னிக்கிறவர் என்று நான் கேள்விப்படவில்லை. உறையைத் திரும்பத் தா என்பார் என்றுதான் நினைக்கிறேன். றோசமலரைக் கூப்பிடுவார் என்று நம்புகிறேன். அவளிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் மாஸ்த்ரோவிடம் சொல்வதைவிடக் கஷ்டம்.

நீ அனுப்பிய மண்ணால் இப்படி ஆனது என்று நினைத்து அழாதே. நீ அன்பில் அனுப்பினாய், அதை நான்தான் போடக்கூடாத இடத்தில் போட்டேன். சித்தியிடமும் இதைச் சொல்லாதே, அவ பயந்துவிடுவா.

இப்போது நான் கேட்பதைக் கவனமாக வாசி. உறை போனால் மே பதினொன்றுக்குள் உன்னைக் கூப்பிட எனக்கு வழி இல்லை. அதற்குப் பிறகு என்ன வழி என்று கேட்டால், இன்றைக்கு எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று எழுதி உன்னைத் தேற்ற மாட்டேன். தேடுவேன். வீடு வீடாகப் படிகளைத் துடைத்தாவது தேடுவேன், நான் தேடுகிற வேகம் உனக்குத் தெரியாது. ஆனால் நீ படகில் ஏறிவிட்டால் நான் எதைத் தேடுவது. அந்தத் தாய் நின்ற இடத்தில் நானும் போய் நிற்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னதற்கு என் பிள்ளையை விலையாகக் கேட்காதே என்று மாதாவிடம் கேட்டேன், மாதாவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, அது உன் கையில்தான் இருக்கிறது, அதனால் உன்னிடமே கேட்கிறேன். உனக்கு என்னில் கோபம் வரும். இன்னொருத்திக்காக என்னை விட்டீர்கள் என்று தோன்றும். அப்படி எழுது, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, ஒரு வருடம் கதைக்காமல் இரு, எல்லாம் தாங்குவேன். தரையில் நின்றுகொண்டு கோபப்படு.

வெளியே போகும்போது அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுக்காமல் வாசல் தாண்டாதே, ஒரு பிரதி எடுத்துச் சித்தியிடமும் கொடுத்து வை. இருட்டுமுன் வீட்டுக்கு வா. இங்கிலிஷ் வகுப்பை விடாதே. காலையில் வெறும் தேத்தண்ணியோடு ஓடாதே, உனக்கு வயிற்றெரிவு என்று சித்தி எழுதியிருந்தா. மடுத் தாயாரும் புனித அந்தோனியாரும் உன்னை நிழலாக மூடிக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், அப்பாவும் ஆசீர்வதிக்கிறார், சித்திக்கு எங்கள் அன்பைச் சொல்லு.

மறந்துவிடாதே: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தபாலட்டை ஒன்று வாங்கி எழுதிப்போடு. நீண்ட பதில் வேண்டாம், சுகம்கூட விசாரிக்க வேண்டாம். ஏறமாட்டேன் என்று ஒரு சொல், கீழே உன் கையெழுத்து.

உன் அம்மா
செலஸ்ரீனா